அரிமளத்து ஆச்சியும் குரூர்சிங்கும்

"அரிமளம் போறேன்" என்று சொன்னால் பத்துக்கு எட்டுப் பேர் "மலை இருக்கா சார் அங்கே?" என்று கேட்கிறார்கள். மலையெல்லாம் கிடையாது. புதுக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் பிடித்து, தெற்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வழியெல்லாம் தைலமரக் காடு. இந்த மரம் பூமியில் இருக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது, வெட்டித் தள்ளுங்கள் என்று ஊர்க்காரர்கள் போராட்டமே நடத்தியிருக்கிறார்கள். பஸ் ஜன்னல் வழியே அடிக்கிற வாசனை மட்டும், ஜலதோஷம் பிடித்தவன் தலையில் தேய்த்துக்கொண்ட மாதிரி, ஜோராக இருக்கும்.

ஊருக்கு ஸ்தல புராணம் உண்டு. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் அடங்கிய இடம் இங்கேதான் இருக்கிறது. 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளைக்கு அவர்தான் குரு. நாடகத்தில் வருகிற சுந்தர முனிவர் பாத்திரமே குருநாதர் பெயரில் படைத்தது. நம் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்தது என்பது உங்களுக்கே தெரியும். ஆக, நாடகத்துக்கும் அரிமளத்துக்கும் பழைய சம்பந்தம். நான் சொல்லப்போகிற நாடகம் வேறு. அது எதிர்வீட்டு ஆச்சி வளவில் நடந்தது.

அப்பத்தா வீடு அரிமளத்தில். முழுப்பரீட்சை லீவு விட்டால் மறுநாள் காலை பஸ்ஸில் என்னை ஏற்றிவிடுவார்கள். அப்பத்தா வீட்டில் டி.வி. கிடையாது. எதிர்வீட்டு ஆச்சி வீட்டில் உண்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு, பட்டாலை, நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் அறைகள், அதற்குப் பின்னால் இன்னொரு கட்டு, அதற்கும் பின்னால் இன்னொன்று. நேராக நடந்தால் அடுத்த தெருவில் இறங்கிவிடலாம். இத்தனை பெரிய வீட்டுக்கு ஒரு சாலிடேர் டி.வி. அதற்கு ஒரு மரப்பெட்டி, பூட்டு, சாவி. சாவி ஆச்சியின் இடுப்பில்.

அந்த டி.வி. முதலில் வந்தது இலங்கை ரூபவாஹினிக்காக. 1982-ல் ரூபவாஹினி ஆரம்பித்ததும், நம் கடலோர ஜில்லாக்களில் தென்னைமர உயரத்துக்குக் கம்பி நட்டு, நம் ஊர் சினிமாவை அடுத்த நாட்டு டி.வி.யில் பார்த்தது ஒரு காலம். மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டாலும் புதுக்கோட்டைப் பக்கத்துக்கு அது காசியில் ஓடுகிற கங்கை மாதிரி. இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்.

எனக்கு விவரம் தெரிந்தபோது ஆச்சி அந்தத் தெருவின் மொழிபெயர்ப்பாளராகப் பதவியேற்று ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. 1987 ஜனவரியில் 'ராமாயண்' வந்தபோது தெருவே வளவில் உட்கார்ந்திருக்கிறது. டி.வி.க்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள். ஹிந்தி ஒருத்தருக்கும் தெரியாது. ஆச்சி மட்டும், "இப்பக் கைகேயி வரம் கேக்குறா... தசரதன் மயங்கி விழுறாரு" என்று சொல்லச் சொல்ல, அப்படியே நடந்திருக்கிறது! தெரு ஆடிப்போய்விட்டது. "ஆச்சிக்கு ஹிந்தி தெரியும்!" அடுத்த வருஷம் 'மஹாபாரத்' வந்தது. அதிலும் ஆச்சி சொன்னது சொன்னபடி சகுனி பகடை உருட்டினான். பட்டம் உறுதியாகிவிட்டது.

சிக்கல் 1994-ல் வந்தது. பெயர் 'சந்திரகாந்தா'.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. தேவகிநந்தன் கத்ரி என்பவர் 1888-ல் எழுதிய ஹிந்தி நாவல். விஜய்கட் இளவரசி, நவ்கட் இளவரசன், நடுவில் சுனார்கட் ராஜா, புருவத்தை நெற்றிக்கு நடுவரை வளர்த்துக்கொண்டு "யக்கூ" என்று கத்துகிற குரூர்சிங். கம்பரும் எழுதவில்லை, வில்லிபுத்தூராரும் எழுதவில்லை. கதை தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. முக்கியமாக, ஆச்சிக்குத் தெரியாது.

பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஆளா ஆச்சி? முதல் வாரமே கதையைக் கையில் எடுத்துக்கொண்டார். விஜய்கட்தான் புதுக்கோட்டை. நவ்கட் ராமநாதபுரம். ஒன்று தொண்டைமான் வீடு, இன்னொன்று சேதுபதி வீடு. "ரெண்டும் பொண்ணு குடுத்து வாங்குன வீடுடா. தொண்டைமான் தங்கச்சிய கெழவன் சேதுபதி கட்டிக்கிட்டாருல்ல... அந்தக் கதைதான். வடக்க இருக்கறவன் எடுத்து வேற பேரு வச்சு எடுக்கறான்." சுனார்கட் கோட்டையைக் காட்டினால், "இந்தா, திருமயம் வந்துருச்சு" என்பார். மாறுவேஷம் போடுகிற ஒற்றர்களுக்கு அந்த நாடகத்தில் 'அய்யார்' என்று பெயர். ஆச்சி காதில் அது 'ஐயா' என்று விழுந்தது. எங்கள் பக்கம் ஐயா என்றால் தாத்தா. ஆக, ஒற்றர்கள் எல்லோரும் தொண்டைமான் வீட்டுத் தாத்தாக்கள் ஆனார்கள். "ஐயா வேஷம் மாத்தி வர்றாக பாரு... இந்தக் குரூர்சிங் பய கண்டுபுடிக்காமப் போறான் பாரு..." நாங்கள் இருபது பொடிசுகள் வாய் பிளந்து பார்ப்போம்.

இதன் விளைவு பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. திருமயம் கோட்டையைக் கட்டியவர் யார் என்று ஒரு ஒரு மார்க் கேள்வி. சேதுபதி, 1687. நான் சிவதத்தன் என்று எழுதினேன். சுனார்கட் ராஜாவின் பெயர் அது. வாத்தியார் பேப்பரைத் திருப்பித் தரும்போது பார்த்த பார்வை இருக்கிறதே... குரூர்சிங் தோற்றான்.

பிறகு கேபிள் வந்தது. சன் டி.வி. 1993-லேயே தொடங்கியது என்றாலும் எங்கள் தெருவுக்கு வந்து சேர நாளாயிற்று. வந்ததும் நேராக 'விடாது கருப்பு'வில் கொண்டுபோய் விட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா டைரக்ஷன், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 'மர்மதேசம்' வரிசையில் 1997-ல் வந்தது. கருப்புசாமி ராத்திரி குதிரையில் வந்து தப்புச் செய்தவனைத் தண்டிக்கிறார். நிஜமா, யாராவது வேஷமா? மெட்ராஸில் ஃப்ளாட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு நாடகம். நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாக நிற்கிற மண்குதிரைகளைப் பகலில் பார்த்துவிட்டு, ராத்திரி அந்தக் குளம்புச் சத்தத்தைக் கேட்டவன் கதி வேறு. ஆச்சி வீட்டு முகப்பிலிருந்து அப்பத்தா வீட்டுத் திண்ணைக்கு நாற்பது அடிதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு தடவை முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முடிவில் யார் அந்தக் கருப்பு என்பதை இங்கே சொல்லமாட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனால் என்ன? தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

தமிழிலேயே நாடகங்கள் கொட்ட ஆரம்பித்ததும் ஆச்சிக்கு வேலை குறைந்தது. 1999 கடைசியில் 'சித்தி', 2002-ல் 'மெட்டி ஒலி' என்று அவரும் எல்லோரையும்போலப் பார்த்து, எல்லோரையும்போல அழுதார். 2013-ல் 'மகாபாரதம்' திரும்பவும் வந்தபோது தமிழிலேயே டப் செய்து வந்தது. அப்போது ஒரு நாள் போயிருந்தேன். ஆச்சி சலித்துக்கொண்டார். "இப்பல்லாம் அவுகளே பேசிக்கிறாகப்பு. நமக்கு ஒரு வேலையும் இல்ல."

நான் சிரித்துவிட்டு வந்தேன். இதைப் பற்றி ரொம்ப நாள் கழித்துத்தான் வேறொரு சங்கதி படித்தேன். பேசாத படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று கதை சொல்வாராம். 1905-ல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினாரே, அதற்குப் பின் வந்த காலம். ஜப்பானில் இந்தத் தொழிலுக்கு பென்ஷி என்று பெயர். நடிகர்களுக்குச் சமமாக அவர்களுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. பேசும் படம் வந்தது, தொழில் போனது. அகிரா குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. 1933-ல் தற்கொலை செய்துகொண்டார். ஆச்சி அப்படியெல்லாம் மனசு ஒடிகிற ரகம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து ஆச்சியின் மகன் பேசினார். எனக்கு அண்ணன் முறை வைத்துத்தான் பழக்கம். "தம்பி, ஆத்தா டி.வி.யே போடறதில்லையாம். சரியாச் சாப்பிடறதும் இல்லைன்னு வேலைக்கு இருக்கிற அக்கா சொல்லுது. பொங்கல் கழிச்சு மெட்ராஸ்ல தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் விடலாம்னு இருக்கோம். வரமாட்டேன்னு சொல்றாக. நீ திருச்சியிலதான இருக்க... ஒரு எட்டுப் போய்ட்டு வாயேன்."

திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரம். அப்பத்தா காரியத்துக்குப் போனது கடைசி. ஒன்பது வருஷம். பி.காம். படித்துவிட்டு நாலு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சருக்கு டிக் போட்டவன் நான். இந்தக் கணக்கை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வீடு அப்படியே இருந்தது, ஆட்கள்தான் இல்லை. பன்னிரண்டு பங்காளிகளில் பதினோரு பேர் அறைக்குப் பூட்டு. வளவில் ஆத்தங்குடிக் கல் பளபளவென்று கிடக்கிறது, மிதிக்க ஆள் இல்லாததால். ஆச்சிக்கு எண்பத்தாறு வயசு. பட்டாலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னதும் என் முகத்தைப் பார்க்காமல், என் வலது காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார்.

"எதிர்வீட்டுப் பயலா? வா அப்பு. தப்பா நெனைக்காத. நேராப் பாத்தா ஒன் மூஞ்சியக் காணோம். காதப் பாத்தாத்தான் மூஞ்சி லேசாத் தெரியுது."

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற வியாதி. வயசானவர்களுக்கு வருவது. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் மட்டும் ஒரு மப்பு. ஊசியெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. சுவரில் நாற்பத்து மூன்று அங்குல டி.வி., மகன் வாங்கி அனுப்பியது. "பொட்டி நல்லாத் தெரியுது. பொட்டிக்குச் சுத்தியிருக்கிற செவுரு நல்லாத் தெரியுது. அதுக்குள்ள இருக்கற ஆளுகதான் ஒருத்தியும் தெரியல" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"சத்தம் கேக்குதுல்ல ஆச்சி, கேட்டாப் போச்சு" என்றேன். எவ்வளவு மடத்தனமான பேச்சு என்பது சாயந்திரம் தெரிந்தது. வேலைக்கு இருக்கிற அக்காவிடம் சொல்லி டி.வி.யைப் போடச் சொன்னேன். இப்போது ஓடுகிற ஒரு சீரியல். பெயர் வேண்டாம், எல்லாம் ஒன்றுதான்.

டொய்ங்... டொய்ங்... டொய்ங்...

"என்ன ஆச்சு?" என்றார் ஆச்சி.

"மாமியார் முறைக்கிறாங்க."

டொய்ங்... டொய்ங்...

"இப்ப?"

"இப்ப மருமக முறைக்கிறா."

கொஞ்ச நேரம் மிருதங்கம்.

"இப்ப?"

"திரும்ப மாமியார், ஆச்சி. சோபால ஒருத்தர் உக்காந்திருக்கார். கதவுகிட்ட ஒரு பொண்ணு. கதவு பழுப்பு கலர்."

ஆச்சி கையை நீட்டி ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் குறைத்தார். "அப்பு, நீ கணக்குத்தான படிச்ச?"

"ஆமா ஆச்சி."

"அதான். சாமான் லிஸ்ட் வாசிக்கிறே. எனக்குக் கதவு கலரு எதுக்கு? அவ எதுக்கு மொறைக்கறா? வயித்துல என்ன வச்சுக்கிட்டு மொறைக்கறா? அதைச் சொல்லு."

அது எனக்கு எப்படித் தெரியும்? டைரக்டருக்கே தெரியாது. ஆனால் ஆச்சி காத்திருந்தார், தலையை ஒருக்களித்துக்கொண்டு. ஆரம்பித்தேன். மாமியாருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தங்கை இருந்தாள், கண்மாயில் விழுந்து செத்துப்போனாள், இந்த மருமகள் சிரித்தால் அந்தத் தங்கை சிரிக்கிற மாதிரியே இருக்கிறது, அதனால்தான் பார்க்கும்போதெல்லாம்... டி.வி.யில் அவர்கள் ஏதோ நகைச்சீட்டுப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கியது.

"கண்மாய்ல தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டார் ஆச்சி.

"...இருந்துச்சு ஆச்சி."

"எந்தக் கண்மாய்? நம்ம பக்கத்துக் கண்மாய்ல எங்கடா தண்ணி? தைலமரம் விட்டாவுல்ல வைக்கும்?"

மாட்டிக்கொண்டேன். ஆச்சி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இது நல்ல சிரிப்பு. மத்தியானம் சிரித்தது இல்லை.

தைரியம் வந்து, நானும் ஒரு பழைய கணக்கைத் தீர்த்தேன். "ஆச்சி, சந்திரகாந்தாவை நான் பின்னாடி கம்ப்யூட்டர்ல பாத்தேன். நீங்க சொன்னதுல ஒரு வரிகூட அதுல இல்ல."

"இருக்காது. எனக்கு என்ன இந்தியா தெரியும்?"

"அப்புறம் எப்படி ஆச்சி வாராவாரம்...?"

"இருபது புள்ளைக வாயப் பாத்துக்கிட்டு இருக்கீக. 'தெரியல'ன்னு சொல்லி அனுப்பச் சொல்றியா?" கொஞ்ச நேரம் கழித்து, "என் கதை நல்லாருந்துச்சா, அவன் கதை நல்லாருந்துச்சா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கதைதான். கத்ரி மன்னிக்கட்டும்.

ராத்திரி இட்லி சாப்பிட்டார். நாலு. அக்கா எண்ணிக்கொண்டு என்னைப் பார்த்து விரலைக் காட்டியது. அப்புறம் என் செல்போனில் 'விடாது கருப்பு'வைத் தேடிப் போட்டேன். யூட்யூபில் கிடக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானதைச் சொன்னேன். "அடடா" என்றார். அந்த நாடகத்தில் சத்தமே பாதி வேலை செய்துவிடுகிறது. குளம்புச் சத்தம், காற்று, உடுக்கை... நான் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. வளவுக்கு மேலே வானம் கறுப்பாக இருந்தது. நாற்பதை நெருங்குகிற நான் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.

பாதியில் ஆச்சி வேறு எங்கோ போய்விட்டார். "பி.யு. சின்னப்பா தெரியுமா ஒனக்கு?"

தெரியாமலா? புதுக்கோட்டைக்காரர். 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேஷம் போட்டவர். சம்பாதித்த பணத்தையெல்லாம் புதுக்கோட்டையில் வீடாக வாங்கித் தள்ளி, கடைசியில் இனிமேல் இவருக்கு வீடு விற்கக்கூடாது என்று மகாராஜாவே தடை போட்டதாக ஊரில் சொல்வார்கள். 1951-ல் சின்ன வயசிலேயே போய்விட்டார். ஜெமினி கணேசனும் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். ஆனால் ஆச்சிக்கு ஜெமினி வெறும் அழகன், சின்னப்பாதான் நடிகர்.

"'மங்கையர்க்கரசி' பாக்க எங்கப்பச்சி கூட்டிட்டுப் போனாக. எனக்குப் பத்து வயசு. சின்னப்பா மூணு வேஷம். அப்பனும் அவர்தான், மகனும் அவர்தான், பேரனும் அவர்தான்." ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் எப்படி நடந்தார்கள், எவனுக்கு மீசை எப்படி, கத்தியை எவன் எந்தக் கையில் எடுத்தான் என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு குரல். என் காதைப் பார்க்கவில்லை. நேராக, வளவின் நடுவில் இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "இது மட்டும் ஒரு மப்பும் இல்லாம நல்லாத் தெரியுதுப்பு" என்றார் நடுவில், சாதாரணமாக. அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. இதில் எத்தனை நிஜம், எத்தனை ஆச்சி என்று சரிபார்க்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாள் கிளம்பும்போது மெட்ராஸ் பேச்சை மெதுவாக எடுத்தேன். "அங்க போனா யாரு எனக்குக் கதை சொல்லுவா? மக வேலைக்குப் போயிருவா. பேரன் காதுல பஞ்சு மாதிரி எதையோ வச்சுக்கிட்டுத் திரியிறான்" என்றார். தியேட்டர்களில் பார்வை இல்லாதவர்களுக்குக் காட்சியைக் காதில் விவரித்துச் சொல்கிற வசதி வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசே வழிகாட்டி நெறிமுறை போட்டிருக்கிறது ஆச்சி, என்று பெருமையாகச் சொன்னேன். "அதுல பேசறவன் கணக்குப் படிச்சவனா இருந்தா?" என்றார். பதில் இல்லை.

மகனுக்கு என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். போகிறார் என்றும் சொல்ல முடியாது, போகமாட்டார் என்றும் சொல்ல முடியாது. "நாலு இட்லி சாப்பிட்டாக" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணி. நான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். போன்.

"அப்பு, இங்க போட்டாச்சு. நீயும் அதையே போடு."

"ஆச்சி, சாப்பிட்டுக்கிட்டு..."

"சாப்ட்டுக்கிட்டே சொல்லு. இப்ப யாரு வந்தா?"

ரிமோட்டைத் தேடினேன். என் மனைவி கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். போனுக்குள் டொய்ங், டொய்ங் என்று ஆரம்பித்துவிட்டது.

"மாமியார் ஆச்சி" என்றேன். "கையில ஒரு பழைய சாவி வச்சிருக்காங்க..."